ரஆத் மீன் முதல் மூளைச் சிகிச்சை வரை: மின்காந்த மருத்துவம் கடந்து வந்த பாதை

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்ற எண்ணம் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக மனிதரிடையே நிலவி வருகிறது. அந்த எண்ணத்தில் உண்மையும் உண்டு. அந்த உண்மையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு வந்த பொய்யும் உண்டு. இன்று நம் இல்லங்களின் வாசலில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. மூட்டுவலி, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகிய அனைத்தையும் போக்கும் என்று சொல்லிக் காந்தப் படுக்கைகளும் காந்தக் காப்புகளும் பெரும் விலைக்கு விற்கப்படுகின்றன. அதே வேளையில், மருத்துவர் எழுதிக் கொடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் செல்ல அஞ்சி நாள்களைக் கடத்துவோரும், தெருமுனையில் எழும் செல்போன் கோபுரத்தைக் கண்டு உறக்கம் இழப்போரும் நம்மிடையே இருக்கின்றனர். மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி வினவும் செய்திகளுள் இவையும் அடங்கும்.

நம்ப வேண்டாததை நம்பினால் பணம் போகும். சில வேளைகளில் உரிய மருந்து நின்று உயிருக்கும் ஊறு நேரும். அஞ்ச வேண்டாததை அஞ்சினாலும் இழப்பு நேரும். இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் ஒன்றை இத்துறையின் வரலாறு நமக்குத் தருகிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

நடுங்க வைத்த மீன்

மின்சாரம் என்றால் என்னவென்று உலகம் அறியாத காலத்திலேயே மின்சாரச் சிகிச்சை தொடங்கிவிட்டது. கி.பி. 47ஆம் ஆண்டளவில் ரோம் நாட்டு மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கும்படியும், கால்மூட்டு வாதத்துக்கு அதன்மேல் காலை ஊன்றி முழங்கால் வரை மரத்துப்போகும்வரை நிற்கும்படியும் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், அதாவது நம் யூனானி ஹகீம்கள் ஜாலினூஸ் என்று குறிப்பிடும் அதே மருத்துவர், கேட்டதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்த்தார். முதலில் அந்த மீன் தலைவலியைப் போக்கும் என்ற கூற்று அவருக்கு மெய்ப்படவில்லை. உயிருள்ள மீனை வைத்தபோதுதான் வலி தணிந்தது என்று பதிவு செய்தார். மீனின் உடலில் எழும் மின்னதிர்ச்சி நரம்புகளை மரக்கச் செய்வதே அதன் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம்.

கேலனின் இந்தச் செய்தி அரபு மருத்துவ நூல்களுக்குள்ளும் வந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் மாலகா நகரில் பிறந்த இப்னு அல்பைத்தார், தமது புகழ்பெற்ற மருந்துப் பொருள் தொகுப்பில் இம்மீனுக்கும் இடமளித்தார். பக்தாதைச் சேர்ந்த அறிஞர் அப்துல் லத்தீஃப் (1162–1231) எகிப்துக்குச் சென்றிருந்தபோது, நைல் நதியில் வாழும் மின்கெளுத்தியைப் பற்றி எழுதினார். உயிருள்ள மீனைத் தொட்டவர் தாங்க முடியாத நடுக்கத்துக்கு ஆளாவார், உறுப்புகள் மரத்துப்போகும், கையில் எதையும் பற்றி நிற்க இயலாது, மீன் இறந்ததும் அந்த ஆற்றல் அற்றுவிடும் என்பன அவர் தரும் விவரங்கள்.

அரபு மொழியில் இந்த மீனுக்கு 'ரஆத்' என்று பெயர். 'ரஅத்' என்றால் இடி. திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயத்தின் பெயரும் அதுவே. இதைக் கொண்டு, மீனின் அதிர்ச்சியும் வானத்து மின்னலும் ஒன்றே என்பதை அக்கால அரபியர் அறிந்திருந்தனர் என்று சிலர் பெருமையுடன் எழுதுவதுண்டு. அவ்வளவு தூரம் செல்வதற்குச் சான்று இல்லை. அரபு இலக்கணம் கற்றவர்கள் அறிவார்கள்: 'ரா, ஐன், தால்' என்னும் அதே மூலத்திலிருந்து 'நடுங்குதல்' என்னும் பொருளும் பிறக்கிறது. தொட்டவரை நடுங்க வைக்கும் மீன் என்பதே அப்பெயரின் நேரிய பொருள். முன்னோர்மீது நமக்குள்ள மதிப்பு, அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் இடுவதற்கு உரிமை தராது.

அவர்களைப் பற்றிப் பெருமை கொள்ள வேறு மெய்யான காரணம் இருக்கிறது. இதே அப்துல் லத்தீஃப், எகிப்தில் பஞ்சத்தால் மாண்டோரின் எலும்புக் குவியலைக் கண்டபோது, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். அப்துல் லத்தீஃப் கண்டதோ ஒரே எலும்பு. ஆயிரம் ஆண்டுப் புகழ் பெற்ற ஆசானின் சொல்லைவிடக் கண்ணால் கண்ட சான்றையே அவர் ஏற்றார். மின்காந்த மருத்துவத்தின் பின்னாளைய வரலாறு முழுவதிலும் தேவைப்பட்டது இந்த மனப்பாங்குதான்.

கண்ணைக் கட்டிய சோதனை

1772இல் ஆங்கிலேயரான ஜான் வால்ஷ், பிரான்ஸின் லா ரோஷெல் கடற்கரையில் மின்திருக்கையை ஆராய்ந்து, அதன் அதிர்ச்சி மின்சாரமே என்று காட்டினார். அதற்குள் ஐரோப்பா முழுவதும் மின்சார மோகம் பரவியிருந்தது. அந்த அலையில் எழுந்தவர் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்னும் மருத்துவர். வியன்னாவில் நோயாளிகளின் உடலில் காந்தக் கற்களை வைத்துச் சிகிச்சை அளித்த அவர், பின்னர் காந்தக் கல்லும் தேவையில்லை, தம் உடலிலேயே அந்தக் காந்த ஆற்றல் இருக்கிறது என்றார். 1778இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். செல்வர்களும் சீமாட்டிகளும் அவர் வீட்டில் குழுமினர். மயங்கி விழுந்தனர், வலிப்பு வந்தவர்போல் துடித்தனர், குணமானோம் என்று சாட்சி சொன்னார்கள்.

1784இல் மன்னர் பதினாறாம் லூயி இதை ஆராய ஒரு குழுவை அமைத்தார். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியே போன்றோர் அதில் இடம்பெற்றனர். மெஸ்மர் இந்த ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை. அவருடைய மாணவர் டெஸ்லோன் முன்வந்தார். பிராங்க்ளின் தங்கியிருந்த பாஸி என்னும் இடத்தின் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு டெஸ்லோன் தம் காந்த ஆற்றலை ஏற்றினார். அவரே தேர்ந்தெடுத்த 12 வயதுச் சிறுவனின் கண்களைக் கட்டி அழைத்து வந்தனர். ஆற்றல் ஏற்றிய மரத்தின் பக்கம் அவனைக் கொண்டு செல்லவில்லை. வேறு நான்கு மரங்களை ஒவ்வொன்றாகத் தழுவச் செய்தனர். மரத்துக்கு மரம் அவனுக்கு வியர்வையும் தலைவலியும் மயக்கமும் கூடின. நான்காவது மரத்தடியில் உடல் விறைத்து விழுந்தான். ஆற்றல் ஏற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட மரமோ தொலைவில் நின்றது.

அந்தச் சிறுவன் நடித்தான் என்று குழு கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனுக்கு உண்மையாகவே மயக்கம் வந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்தது காந்தம் அன்று, எதிர்பார்ப்பு. மனத்தின் எதிர்பார்ப்பு உடலை அசைக்கும் என்பதும், நோயாளிக்குத் தெரியாதபடி மறைத்துச் சோதித்தால்தான் மருந்தின் செயலையும் மனத்தின் செயலையும் பிரிக்க முடியும் என்பதும் அன்று நிலைநாட்டப்பட்டன.

பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே பாடம் இங்கிலாந்தில் மீண்டும் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் எலிஷா பெர்கின்ஸ், 1796இல் இரு சிறிய உலோகக் கோல்களுக்குக் காப்புரிமை பெற்றார். அவற்றால் வலியுள்ள இடத்தைத் தடவினால் கெட்ட மின்னாற்றல் வெளியேறிவிடும் என்றார். விற்பனை கடல் கடந்து லண்டனுக்கும் சென்றது. 1799 சனவரியில் பாத் நகர மருத்துவர் ஜான் ஹேகார்த், உலோகம்போல் வண்ணம் தீட்டிய மரக்கோல்களைச் செய்து, வாதநோய் கண்ட 5 பேரைத் தடவச் செய்தார். நால்வர் வலி தணிந்தது என்றனர். மறுநாள் உலோகக் கோல்களால் தடவியபோதும் அதே விளைவுதான். மரமும் உலோகமும் ஒரே பலன் தருமாயின், உலோகத்தின் தனிச்சிறப்பு என்ன? அந்த ஒரு கேள்வியில் முழு வணிகமும் அடங்கிவிட்டது.

நிலையான புலமும் மாறும் புலமும்

இவற்றைப் படித்துவிட்டு, காந்தமும் மின்சாரமும் உடலில் எதையுமே செய்யா என்று முடிவு கட்டினால் அதுவும் பிழையாகும். 1791இல் இத்தாலியின் கால்வானி, தவளையின் காலை மின்சாரம் துடிக்க வைப்பதை வெளியிட்டார். நரம்பும் தசையும் மின்சாரத்தால் இயங்குபவை என்னும் அறிவு அங்கே தொடங்கியது. 1831இல் மைக்கேல் ஃபாரடே மற்றொரு பெரிய உண்மையைக் கண்டறிந்தார். ஒரு காந்தம் அசையாமல் இருக்கும்போது அருகிலுள்ள கம்பியில் மின்சாரம் எழுவதில்லை. காந்தப்புலம் மாறும்போதே மின்சாரம் எழுகிறது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை உண்டாக்கும் மின்னாக்கிகள் இந்த விதியின்படியே இயங்குகின்றன. காந்த மருத்துவத்தில் உண்மையையும் பொய்யையும் பிரிக்கும் கோடும் இதுவே.

1892இல் நியூயார்க் மருத்துவர் பீட்டர்சனும் பொறியாளர் கென்னலியும் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வலிமை வாய்ந்த நிலையான காந்தப்புலத்துக்குள் ஒரு நாயையும், பின்னர் ஒரு சிறுவனையும் வைத்துப் பார்த்தனர். நாடித்துடிப்பிலோ உணர்விலோ எந்த மாற்றமும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1896இல், பிரெஞ்சு அறிஞர் தார்சோன்வால் மாறுமின்சாரம் பாயும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைக்கச் செய்தார். கண்ணை மூடியிருந்தாலும் ஒளி மினுக்குவது தெரிந்தது. மாறும் காந்தப்புலம் விழித்திரையில் மின்சாரத்தை எழுப்பியதே காரணம். அசையாக் காந்தம் வாளாவிருந்த இடத்தில், மாறும் புலம் நரம்பைத் தொட்டது.

காந்தக் காப்பும் காந்தப் படுக்கையும் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது இப்போது விளங்கும். அவற்றில் இருப்பது சிறிய, நிலையான காந்தம். இரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை ஈர்த்து ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இரத்தத்தின் இரும்பு, ஆணியில் உள்ள இரும்பைப்போல் காந்தத்துக்கு இழுபடுவதன்று. உயிர்வளி ஏற்ற இரத்தத்தைக் காந்தம் மிக மெலிதாக விலக்கவே செய்கிறது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடக்குவாதம் உள்ள 70 பேருக்குக் காந்தப் பட்டை, காந்தமற்ற பட்டை, வலுக்குறைந்த காந்தப் பட்டை, செம்புக் காப்பு ஆகிய நான்கையும் மாற்றி மாற்றி ஐந்து வாரம் வீதம் அணியச் செய்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். வலியிலோ வீக்கத்திலோ பொருட்படுத்தத் தக்க வேறுபாடு ஏதும் காணப்படவில்லை. ஹேகார்த்தின் மரக்கோல் சொன்ன அதே தீர்ப்பு.

சோதனையில் தோற்றதும் வென்றதும்

கூடாமல் நின்றுவிட்ட எலும்பு முறிவுகளுக்குத் துடிப்புக் காந்தப்புலம் பயன்படும் என்ற கருத்து 1970களில் எழுந்தது. 1979இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் என்னும் பொறியாளரும் மருத்துவர்களும் அதை மறைமுறையில் சோதித்தனர். மொத்தம் 16 நோயாளிகள். சிலருக்கு இயங்கும் கருவி. மற்றவர்க்கு வெளித்தோற்றத்தில் அதேபோன்ற, இயங்காத கருவி. இரு சாராரிடமும் எலும்பு கூடியது. இயங்கும் கருவிக்குத் தனிப்பலன் இருப்பதாகத் தெரியவில்லை. சிறிய சோதனைதான், இந்தச் சிகிச்சை பற்றிய விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. ஆயினும், 1984இல் அந்த முடிவை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டனர்.

அதே பார்க்கர், அடுத்த ஆண்டே மருத்துவ வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றார். 1985இல் அவரும் அவருடைய குழுவினரும், மண்டையோட்டைத் திறக்காமலே, தலைக்கு மேலே பிடித்த கம்பிச்சுருளில் நொடியின் சிறுபகுதி நேரம் வலிமையான மின்சாரத்தைப் பாய்ச்சி, மூளையின் ஒரு பகுதியைத் தூண்டினர். மறுபக்கத்துக் கையின் தசை துடித்தது. ஃபாரடேயின் விதி மூளைக்குள் செயற்பட்டதைக் கண்கள் கண்டன. இந்த முறையே வளர்ந்து, மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோய்க்கான சிகிச்சையாக 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. போலிச் சுருளோடு ஒப்பிட்டு மறைமுறையில் சோதித்த பின்னரே அது ஏற்கப்பட்டது. எல்லோருக்கும் அது பலன் தருவதில்லை; வலிப்பு நோய் உள்ளவர்க்கும் தலைக்குள் உலோகம் பொருத்தியவர்க்கும் மருத்துவர் மிகுந்த எச்சரிக்கையுடனேயே முடிவெடுப்பார்.

மனச்சோர்வு என்றாலே ஈமானின் குறைவு என்றோ, வெளியே சொல்லத் தகாத குறை என்றோ எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. மூளை என்னும் உறுப்பில் நிகழும் ஒரு நோய் அது. காந்தத் துடிப்பு ஒன்றால் சிலருக்குத் தணியக்கூடிய நோய். இந்தச் சிறு வரலாறு அந்தத் தவறான எண்ணத்தைப் போக்கினாலே போதும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் நம் கருகமணியும்

உடலுக்குள் கத்தியின்றிக் காணும் எம்.ஆர்.ஐ. முறையும் காந்தத்தின் கொடையே. 1973இல் அமெரிக்காவின் பால் லாட்டர்பர் அதன் படமெடுக்கும் வழியைக் காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலில் நிறைந்துள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தப்புலம் ஒழுங்குபடுத்துகிறது. வானொலி அலை அவற்றை அசைக்கிறது. அவை திருப்பித் தரும் குறிப்புகளைக் கணினி படமாக்குகிறது. எக்ஸ்ரேயில் உள்ளதுபோன்ற, உயிரணுவைச் சிதைக்கும் கதிர்வீச்சு இதில் இல்லை.

பல மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா கருவியின் புலம், பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இரத்தத்தைக் காந்தம் இழுக்கும் என்ற விற்பனையாளரின் கூற்று உண்மையானால், அந்தக் கருவிக்குள் படுத்த எவரும் உயிரோடு எழ முடியாது. ஆனால் நாள்தோறும் எத்தனையோ பேர் படுத்து, எழுந்து, நலமாக வீடு திரும்புகின்றனர்.

இந்தக் கருவியின் மெய்யான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. இரும்புப் பொருள்களை அது பேராற்றலுடன் இழுக்கும். எனவே பர்தாவில் குத்திய ஊசி, கருகமணி, வளையல், உலோகக் குப்பியில் அடைத்த தாயத்து, சாவி, செல்போன் ஆகிய அனைத்தையும் அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும். பேஸ்மேக்கர், மூளைக்குள் கிளிப், காதுக்குள் கருவி ஆகியவை பொருத்தப்பட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருகமணியைக் கழற்றத் தயங்கும் பெரியம்மாக்களுக்கு வீட்டிலேயே எடுத்துச் சொல்லி அழைத்துச் செல்வது நல்லது.

கோபுரத்தின் அச்சம்

மின்காந்தப் புலம் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் மின்கம்பிகளுக்கு அருகே வாழ்ந்த குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிகிறது என்ற ஆய்வு வெளியானது. அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2002இல் மின்கம்பி வகைக் காந்தப்புலத்தையும், 2011இல் செல்போன் வகை வானொலி அலைகளையும், '2பி' என்னும் பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோய் உண்டாக்குகிறது' என்பது அதன் பொருள் அன்று. 'ஐயம் உண்டு, சான்று குறைவு, முற்றாக மறுக்கவும் இயலவில்லை' என்பதே பொருள். உலக சுகாதார நிறுவனம் ஏற்பாடு செய்து 2024இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. இந்தியாவில் கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பு, 2012 செப்டம்பர் முதல், பன்னாட்டு வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது.

அலைபேசி அருகிலிருந்தாலே தலைவலி வருகிறது என்போரையும் அறிஞர்கள் புறக்கணிக்கவில்லை. லண்டனில் அவ்வாறு கூறிய 60 பேரையும், கூறாத 60 பேரையும் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. அலை உண்மையில் பரவும்போதும், போலியாகப் பரவுவதுபோல் காட்டியபோதும் தலைவலி ஒரே அளவில்தான் வந்தது. பாஸி தோட்டத்துச் சிறுவனின் மயக்கத்தைப்போல் அந்த வலியும் மெய். அதன் காரணம்தான் வேறு. ஆகவே வலிக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். செல்போனில் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' வில்லைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

காந்தத்தின் பெயராலோ மின்சாரத்தின் பெயராலோ எவரேனும் மருந்து விற்க வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதே தோற்றமுள்ள போலிக் கருவியோடு ஒப்பிட்டு, நோயாளிக்குத் தெரியாதபடி இதைச் சோதித்தது யார்? இது எந்த ஒரு நோய்க்கு, எத்தனை அளவில், எத்தனை நாள் பயன்படும்? இதைப் பயன்படுத்தும்போது மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்கிறீர்களா?

முதல் கேள்விக்கு அயலூர்க்காரர் ஒருவர் குணமான கதை விடையாக வரும். அந்தக் கதை பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. மரக்கோலால் குணமானோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இரண்டாம் கேள்விக்கு 'எல்லா நோய்க்கும்' என்ற விடை வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். மூன்றாம் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இன்சுலினை நிறுத்திவிட்டுக் காந்தப் படுக்கையில் படுக்கும் ஒரு சர்க்கரை நோயாளி இழப்பது பணத்தை மட்டுமன்று. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும்கூட இழக்க நேரும்.